பேட்டைன்னா என்ன? கொருக்குப்பேட்டையிலிருந்து கொழும்பு வரை

எண்ணூர் லோக்கல் | மார்ச் 4, காலை 7.50

வடசென்னையில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பேட்டை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, முத்தியால்பேட்டை. பேச்சுல "உனக்கு எந்தப் பேட்டை"ன்னா ஏரியா எதுன்னு கேக்கறாங்க. ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்துது: பேட்டைங்கிறது மராட்டிச் சொல்லாம், மராட்டியர் ஆட்சியில இங்க வந்து ஒட்டிக்கிச்சாம். இன்னொண்ணு, பட்டி, பாடி, பேட்டை மூணுக்கும் ஒரே வேர்னு சொல்லுது. ரெண்டுல எது நிக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தறிமேடை | மார்ச் 4, காலை 9.20

ரெண்டும் நிக்காது. மராட்டி சமாசாரத்துக்கு அப்புறம் வர்றேன்.

பட்டின்னா ஆடுமாடு அடைக்கிற இடம், அதைச் சுத்தி உண்டான சிற்றூர். பாடி ஆயரோ படையோ தங்கின இடம். ஆயர்பாடி, பாடிவீடு எல்லாம் அந்த வழி. பேட்டை வேற ஜாதி. கோட்டைக்கோ பெரிய ஊருக்கோ வெளியே, மதிலை ஒட்டி, ஒரு தொழில்காரங்களையோ வியாபாரிகளையோ கொண்டுவந்து குடிவச்ச இடம் அது. யாரோ ஒருத்தர் நிலம் ஒதுக்கி, தெரு அளந்து, சலுகை காட்டிக் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பாங்க. சிந்தாதிரிப்பேட்டையைப் பாருங்க. 1734ல கிழக்கிந்தியக் கம்பெனி, நெசவுக்காரங்களுக்குன்னே உண்டாக்கின ஊர். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சு.

சிலப்பதிகாரத்துல புகார் ரெண்டு பாகம்: மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம். வணிகரும் கைவினைஞரும் இருந்த இடத்துக்கு அங்க 'பாக்கம்'னுதான் பேர். கோட்டையும் பாளையமும் ஊருக்கு ஊர் எழும்பின காலத்துப் பேர்தான் பேட்டை.

ஒலிமாற்றம் | மார்ச் 4, பகல் 1.05

சொல்லை மொழிவாரியாக வரிசையில் வைத்துப் பார்க்கலாம். தமிழ் பேட்டை. மலையாளம் பேட்ட, திருவனந்தபுரத்தில் அந்தப் பெயரில் ரயில் நிலையமே உண்டு. தெலுங்கு பேட, கன்னடம் பேடெ. கடைசி இரண்டிலும் ட ஒற்றைதான், ஆனால் 'நாடு' என்பதில் வருவது போல மெலியாது, 'பாட்டு' என்பதில் உள்ள வல்லோசையோடு ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை, அப்படியே ஒலித்துப் படியுங்கள்.

இப்போது பக்கத்தில் 'வேட்டை'யை வையுங்கள். தமிழ் வேட்டை, மலையாளம் வேட்ட, தெலுங்கு வேட, கன்னடம் பேடெ (வ மாறி 'பஸ்' என்பதன் ப ஆகிவிட்டது). பேட்டையும் வேட்டையும் ஒரே அச்சில் வார்த்தவை. இதில் இரண்டு விதி வேலை செய்கிறது. நெடிலுக்குப் பின் தமிழில் இரட்டித்து நிற்கும் வல்லினம் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒற்றையாகிவிடும்: ஆட்டம் அங்கே ஆட, பாட்டு தெலுங்கில் பாட. சொல்லின் இறுதி ஐ கன்னடத்தில் எ ஆகும், தெலுங்கிலும் மலையாளத்திலும் அ ஆகும்: தலை, தலெ, தல.

பட்டி, பாடியை இதற்குள் கொண்டுவர முடியாது. அவற்றின் முதலுயிர் அ, ஆ. பேட்டையில் ஏ. ஒன்று மற்றொன்றாக மாற இந்த மொழிகளில் விதி கிடையாது. ப-வும் ட-வும் பொதுவாக இருப்பதை வைத்து மட்டும் உறவு சொன்னால் பட்டம், பாட்டி, போட்டி எல்லாமே உறவாகிவிடும்.

எண்ணூர் லோக்கல் | மார்ச் 4, மாலை 6.30

வேட்டை உதாரணம் பளிச்னு புரியுது. மராட்டிக்கு வாங்க. புனேவுல புத்வார் பேட், சனிவார் பேட்னு இருக்கே?

ஒலிமாற்றம் | மார்ச் 4, இரவு 9.40

இருக்கிறது. அது இதே சொல்தான், ஆனால் அங்கே இறுதி ட் மூச்சுக்காற்றோடு ஒலிக்கும் ட் (இந்தி 'டீக் ஹை' என்பதில் வரும் முதல் ஒலி). கஸ்பா பேட் பழையது. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார் என்று ஏழு கிழமைக்கும் ஒவ்வொன்று உண்டு. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வாரச்சந்தைக்கு 'பைண்ட்' என்பார்கள், அதுவும் மூச்சொலியோடுதான், நடுவில் மூக்கொலியும் சேரும்.

தமிழிலும் தெலுங்கின் வழக்குச் சொற்களிலும் மூச்சொலி எழுத்து இல்லை. மராட்டியிலிருந்து தெற்கே வந்திருந்தால் மூச்சு தானாக உதிர்ந்து ட்ட ஆகியிருக்கும். தெற்கிலிருந்து வடக்கே போயிருந்தால் மூச்சு எங்கிருந்து ஒட்டியது என்று கேள்வி வரும். அதற்கும் விடை இருக்கிறது: இந்தியில் 'பைட்' என்றால் நுழைவு, உள்ளே போதல். அங்கே அதே மூச்சொலி. ஒலி நெருங்கிய உள்ளூர்ச் சொல் ஒன்று இருந்தால் வந்த சொல் அதன் சாயலை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒலி இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைக்கிறது. காலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தறிமேடை | மார்ச் 4, இரவு 10.25

காலம் இதோ. கெம்பே கவுடா பெங்களூருல மண்கோட்டையும் அதை ஒட்டிப் பேட்டையும் அமைச்சது 1537. சிவாஜியோட அப்பா ஷாஜி பெங்களூருக்கு வந்தது 1638. நூறு வருஷ வித்தியாசம். சிவாஜி செஞ்சியைப் பிடிச்சது 1677. அதுக்கு முன்னாடியே சென்னைக்கோட்டை எழும்பி (1640), வடக்கால ஊர் வளர ஆரம்பிச்சாச்சு. 'மராட்டியர் ஆட்சியோட வந்த சொல்'ங்கிறது வருஷக் கணக்குலயே விழுந்துடுது.

பெங்களூர்ப் பேட்டை இன்னும் முழுசா இருக்கிறதால அங்க பேரைப் பிரிச்சுப் பார்க்கிறது சுலபம். அக்கிப்பேட்டை அரிசி, அரளெப்பேட்டை பஞ்சு, பளெப்பேட்டை வளையல், கும்பாரப்பேட்டை குயவர், காணிகரப்பேட்டை செக்கு ஆட்டுறவங்க. தெருவுக்குத் தெரு ஒரு சரக்கு.

ஒலிமாற்றம் | மார்ச் 5, காலை 6.55

கன்னடத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், இது முக்கியம். பழங்கன்னடத்தில் சொல்முதல் ப, பத்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஹ ஆகத் திரும்பியது. பால் ஹாலு, பூ ஹூ, பல் ஹல்லு, பெண் ஹெண்ணு. அந்தக் கணக்கில் பேடெ 'ஹேடெ' ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அந்த மாற்றம் ஓய்ந்த பிறகு அந்த மொழியில் ஊன்றிய சொல் என்று எடுத்துக்கொள்ள இது வலுவான காரணம். தப்பிப் பிழைத்த சில பழைய ப-க்களும் கன்னடத்தில் உண்டு (படை அங்கே படெ), அதனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. 1537ஆம் ஆண்டோடும், பாக்கம் போய்ப் பேட்டை வந்த வரலாற்றோடும் சேர்த்து வைத்தால் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: இது இடைக்காலத்தில் கோட்டைகளோடும் வணிகத்தோடும் தெற்கெங்கும் ஓடிய சொல். ஒலி அமைப்பு தமிழ், தெலுங்கு வீட்டுச் சொல்லைப் போலத்தான் இருக்கிறது.

பேசின்பிரிட்ஜ் | மார்ச் 5, காலை 8.10

சொல் எங்க மாறுதுன்னு ரயில்லயே பாக்கலாம்பா. மூர்மார்க்கெட்லருந்து சூலூர்பேட்டை லோக்கல். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டினா கொஞ்ச தூரம் பேட்டையே இல்ல, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்னு போவும். அப்புறம் பொன்னேரி தாண்டிக் கவரைப்பேட்டை. கவரைங்கறது பலிஜா வியாபாரிங்க. ஆரம்பாக்கத்தோட நம்ம பக்கம் முடியுது, தடா வந்தா ஆந்திரா. அதுக்கு அப்பால அக்கம்பேட்ட, சூலூருப்பேட்ட, இன்னும் மேல நாயுடுப்பேட்ட. 'டை' போய் 'ட' ஆயிடும். ஒரு டிக்கெட்டுல ரெண்டு மொழி.

அதே போர்டுல இந்தியில 'பேட்'னு மூச்சில்லாத ட் போட்டு முடிச்சாங்கன்னா வடக்கத்தி ஆளு வயிறுன்னுதான் படிப்பான். இந்தியில வயிறுக்கு அதான் சொல்லு.

தறிமேடை | மார்ச் 5, காலை 11.00

முத்தியால்பேட்டையும் அந்த வண்டியில வந்ததுதான். தமிழ்னா முத்துப்பேட்டைன்னு வந்திருக்கும், திருவாரூர் மாவட்டத்துல அப்படி ஊர் இருக்கு. 'முத்யால' தெலுங்கு: முத்யம் ஒண்ணு, முத்யாலு பல, முத்யால-ன்னா முத்துக்களோட. ஜார்ஜ் டவுனோட கிழக்குப் பாதி அது. பவளக்காரத் தெரு மண்ணடிப் பக்கம் இன்னும் இருக்கு. மத்தியதரைக் கடல் பவளத்தை யூத வியாபாரிங்க இங்க இறக்கி, பதிலுக்குக் கோல்கொண்டா வைரம் ஏத்தின காலத்துப் பேர்.

மேற்குப் பாதி பெத்தநாயக்கன்பேட்டை. ஊர்க்காவல் பரம்பரைத் தலைவருக்குப் 'பெத்த நாயக்'னு பட்டம். பெத்த-ன்னா தெலுங்குல பெரிய. ரெண்டு பேட்டைக்கும் நடுவுல ஆட்டப்பள்ளம்னு ஒரு பள்ளம் ஓடிச்சு. அதைத் தூர்த்துப் போட்ட ரோடுதான் பிராட்வே, இப்ப பிரகாசம் சாலை.

பேசின்பிரிட்ஜ் | மார்ச் 5, பகல் 12.15

தெலுங்குல பேட-ன்னா நகைச் சரத்துக்கும் அதான் வார்த்தை. ரெண்டு பேடல கொலுசுன்னா ரெட்டைச் சரச் சங்கிலி. மூணு பக்கமும் சூழ்ந்து அடிக்கிறதுக்கு முப்பேட்ட தாடின்னு பேப்பர்ல போடுவான். அப்ப முத்யால பேடன்னா முத்துச் சரம்னு ஆவுதே!

ஒலிமாற்றம் | மார்ச் 5, மாலை 5.45

அழகாக இருக்கிறது, ஆனால் ஊர்ப்பெயருக்கு அது பொருந்தாது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்கும் இரண்டு சொல் அவை. எந்தச் சொல் என்று பக்கத்து ஊர்களைக் கேட்டால் தெரியும். முத்தியாலுக்கு அண்டையில் நாயக்கன், வண்ணார், தறி என்று ஆளும் தொழிலும் பேட்டையோடு நிற்கின்றன. நாயக்கருக்குச் சரம் போட முடியாது. ஊர்ப்பெயரைத் தனியே எடுத்துப் பொருள் பார்க்காமல் கொத்தாக எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மாடிப்பூங்கா | மார்ச் 5, இரவு 8.30

"கோட்டைக்கு வெளியே"ங்கிறதைச் சென்னையில ரெண்டு அடுக்காப் படிக்கணும். முதல்ல கோட்டை, அதுக்கு வடக்க பழைய கறுப்பர் நகரம். 1746லருந்து 1749 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில கோட்டை இருந்துச்சு. திரும்பக் கிடைச்சதும் இங்கிலீஷ்காரங்க, பீரங்கி சுட வெளி வேணும்னு மதிலோரம் இருந்த வீடுகளை எடுத்துட்டாங்க. இப்ப ஹைகோர்ட் நிக்கிற இடம் அந்தப் பழைய ஊர். அதுக்கப்புறம் முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும்தான் ஊரே. ஐதர் அலி பயத்துல அந்தப் பேட்டைகளைச் சுத்தி ஒரு மதில் எழும்பிச்சு. மதில் செலவுக்கு வரி போடப் பார்த்த இடம் வால்டாக்ஸ் ரோடு. மதில்ல மிஞ்சின துண்டு பழைய ஜெயில் ரோட்டுல மாடிப்பூங்காவா நிக்குது.

ஆக வெளியே இருந்த பேட்டை உள்ளே ஆயிடுச்சு. வண்ணாரப்பேட்டை அந்த ரெண்டாவது மதிலுக்கும் வெளியே. ஏன்னு தறிமேடை சொல்லணும்.

தறிமேடை | மார்ச் 5, இரவு 10.50

தொழில் அப்படி, அதுக்கு இடம் வேணும். கம்பெனி ஏத்துமதி பண்ணின துணியை வெளுக்கிறது இந்த ஊரோட வேலை. தறியிலிருந்து வர்ற துணி பழுப்பா, பாவுல (நெடுக்கு நூல்ல) ஏத்தின கஞ்சி விறைப்போட இருக்கும். முதல்ல ஊற வச்சு அலசிக் கஞ்சியை எடுக்கணும். மிச்சம் இருந்துச்சுன்னா வெளுப்பு திட்டுத்திட்டாப் பிடிக்கும். அப்புறம் உவர்மண் கரைசல்ல முக்கிப் பிழிஞ்சு, வெள்ளாவிப் பானை மேல சுத்தி அடுக்கி ஆவியில வேக வைக்கணும். இறக்கிக் கல்லுல அடிச்சு அலசி, புல்தரையில நீள விரிச்சு, காயக் காயத் தண்ணி தெளிக்கணும். நனைஞ்ச துணி மேல வெயில் படப்படத்தான் வெளுக்கும், காய்ஞ்சு கிடந்தா வேலை நின்னு போவும். வேணுங்கிற வெள்ளை வர்ற வரைக்கும் வெள்ளாவியும் வெயிலும் மாறி மாறி. கடைசியா அரிசிக்கஞ்சி, கொட்டாப்புளியால (மரச் சுத்தியல்) தட்டி மினுமினுப்பு.

ஒரு துணிக்கு அதன் முழு நீளம் தரை வேணும், பக்கத்துல நல்ல தண்ணி வேணும். இரும்பு கலந்த தண்ணின்னா செம்பழுப்புக் கறை இறங்கிடும், அதை எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில வேலை நின்னுடும். மதிலுக்குள்ள நெருக்கின தெருவுல இதெல்லாம் நடக்குமா? அதான் வெளியே. பேரை இங்கிலீஷ்ல எழுதினவங்க முன்பாதியை 'வாஷர்மேன்'னு மொழிபெயர்த்துட்டு, பின்பாதியை அப்படியே விட்டாங்க. பேட்டைக்கு ஈடான சொல் அவங்ககிட்ட இல்ல.

எண்ணூர் லோக்கல் | மார்ச் 6, காலை 7.15

காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை ரெண்டுக்கும் கதை கேட்டிருக்கேன். காலடிங்கிறது சாமி காலடி பட்ட இடம். தண்டையார்ங்கிறது தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு, அதாவது தொண்டியார் பேட்டை.

மாடிப்பூங்கா | மார்ச் 6, காலை 9.00

காலடிப்பேட்டை, கவர்னர் ஜோசப் காலட் பேர்ல வந்தது. 1717லருந்து 1720 வரைக்கும் இங்க கவர்னர். திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளிங்களைக் குடிவச்சார். காலட்டுப்பேட்டை வாய்ல புழங்கிக் காலடி ஆச்சு. அர்த்தம் தெரியாத பேர் கிடைச்சா, நாக்கு தனக்குத் தெரிஞ்ச சொல்லா அதைத் திருப்பிக்கும்.

தண்டையார்பேட்டைக்கு வருஷம் ஒத்துவரல. கம்பெனிக்கு எழும்பூர், புரசைவாக்கத்தோட இந்த ஊர் கிடைச்சது 1693ல. மஸ்தான் சாகிபு பதினெட்டாம் நூற்றாண்டு முடியுற சமயத்துல பிறந்து 1838ல மறைஞ்சவர். அவர் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ஊர் இருக்கு. அவர் வந்து இந்தப் பக்கம் வாழ்ந்ததும், சனங்க அவரைத் தொண்டியார்னு கொண்டாடினதும் உண்மை. ஏற்கெனவே இருந்த பேருக்கு அவர் பேர் அர்த்தமா ஒட்டிக்கிச்சு. தர்காவோட மதிப்பு இதுல ஒரு இம்மியும் குறையாது.

புறக்கோட்டையான் | மார்ச் 6, பகல் 2.20

கொழும்பிலயிருந்து. எங்கட பக்கம் கோட்டைக்குப் பக்கத்தில இருக்கிற சந்தைப் பகுதிக்கு ஆங்கிலத்தில பெட்டா எண்டு பேர். தமிழில ஒருத்தரும் பேட்டை எண்டு சொல்லுறேல்ல, புறக்கோட்டை எண்டுதான் சொல்லுறது. சிங்களத்தில பிட்டகொட்டுவ. பிட்ட எண்டால் வெளி, கொட்டுவ எண்டால் கோட்டை. நீங்கள் மேல சொன்ன விளக்கம் அப்பிடியே இஞ்ச ஊருக்குப் பேராக் கிடக்கு.

தறிமேடை | மார்ச் 6, மாலை 4.10

அருமை! ஆங்கிலத்துல 'பெட்டா' போன வழியும் தெரியுது. 1796ல கொழும்பு இங்கிலீஷ்காரங்க கைக்கு வந்ததும் இலங்கையைக் கொஞ்ச காலம் சென்னையிலிருந்துதான் ஆண்டாங்க. இங்க ராயப்பேட்டையை இங்கிலீஷ்ல எழுதினா கடைசியில அதே 'பெட்டா'. 1791 பெங்களூர்ப் போரையும் அந்தச் சொல் வச்சே எழுதினாங்க: மார்ச் 7 பெட்டா விழுந்தது, மார்ச் 21 கோட்டை விழுந்தது. கோட்டை வேற, பெட்டா வேற, பெட்டாவைப் பிடிச்சாத்தான் கோட்டை.

ஒலிமாற்றம் | மார்ச் 6, இரவு 9.05

பேட்டை என்றாலே சந்தை என்று இனி யாரும் எழுத வேண்டாம். தமிழில் சந்தைப்பேட்டை உண்டு, வண்டிப்பேட்டை உண்டு. மராட்டியில் பஜார்பேட் உண்டு. பேட்டைக்கே சந்தை என்று பொருளானால் முன்னால் இன்னொரு சந்தை எதற்கு? பேட்டை இடம், முன்பாதி அங்கே நடப்பது. கன்னடத்தில் தனிச்சொல்லாகவே கடைத்தெரு, டவுன் என்ற பொருளுக்கு வந்துவிட்டது.

உறவில்லாதவற்றையும் ஒதுக்கிவிடலாம். லாரி டிரைவருக்குக் கொடுக்கும் பேட்டா, இந்தி பத்தாவின் வழி. பத்திரிகைப் பேட்டி, வடக்கே சந்திப்பைக் குறிக்கும் பேட். பேடை, பெட்டை இரண்டும் பெண் இனத்தைக் குறிப்பவை. மைசூர்த் தலைப்பாகை பேட்ட, ஆக்ரா பூசணி மிட்டாய் பேட்டா, இவையும் வேறு. ஆங்கிலத்தில் பெட் வளர்ப்புப் பிராணி, டச்சில் பெட் தொப்பி. காதுக்கு மட்டும் ஒன்று.

எண்ணூர் லோக்கல் | மார்ச் 7, காலை 8.00

கடைசியா ஒண்ணு. சங்கத்துக்குப் போர்டு எழுதணும். தண்டையார்பேட்டையா, தண்டையார்ப்பேட்டையா? ஒவ்வொரு கடையில ஒவ்வொரு மாதிரி இருக்கு.

ஒலிமாற்றம் | மார்ச் 7, காலை 8.40

ப் வேண்டாம். 'ஆர்' என்று மரியாதையாக ஆளைக் குறிக்கும் உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் மிகாது. பெத்தநாயக்கன்பேட்டைக்கும் அதேதான். முன்பாதி உயிரில் முடிந்தால் ப் வரும்: கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, சைதாப்பேட்டை. வண்ணாரும் உயர்திணைதான், ஆனால் நடுவில் அ சேர்ந்து 'வண்ணார' ஆகிவிட்டதால் வண்ணாரப்பேட்டை.

முத்தியால்பேட்டையை மாற்ற வேண்டாம். தமிழ்ச் சொல்லாக இருந்தால் ல் திரிந்து ற் ஆகியிருக்கும், தொழில் தொழிற்பேட்டை ஆனது போல. 1958இல் கிண்டியில் எழுந்த தொழிற்பேட்டையில் அந்த ற் இருக்கிறது. முத்யால தெலுங்கு என்பதால் ல் அப்படியே நிற்கிறது.